தங்கல

ஒரு எண்ணை மாத்தணும், அவ்வளவுதான். கட்டத்துல இருக்கிற பழைய எண்ணை அழிச்சிட்டுப் புதுசைப் போடணும், கீழே காலியா இருக்கிற இடத்துல ஒரு வரி எழுதணும், பச்சைப் பொத்தானை அமுக்கணும், எந்திரிச்சுப் போய் டீ குடிக்கணும். சாப்பிட்டு வந்து உக்காந்தவ இன்னும் உக்காந்துதான் இருக்கேன். டப்பாவுல கொண்டு வந்த புளிசாதம் நெஞ்சுலயே நிக்குது. ஏசி வேற நேரா மண்டையில ஊத்துது, எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஆபீஸ்ல ஒருத்தனும் அதைத் திருப்பி வைக்க மாட்டான், கேட்டா சென்ட்ரல் ஏசி மேடம்பான். பக்கத்து சீட்டு ஜோஜி ஒரு காதுலேர்ந்து ஹெட்போனை எடுத்துட்டு, "சுகிர்தா, லிமிட் மாத்தியாச்சா?"ன்னான். பாத்துட்டு இருக்கேன்னேன். அதுல பாக்க என்ன இருக்குன்னு அவன் கேக்கல, திருச்சூர்க்காரன், மரியாதைக்காரன், மறுபடி ஹெட்போனை மாட்டிக்கிட்டான். ஆறு மணிக்கு மலரக்கா எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பும். அதுக்குள்ள நான் இதை அமுக்கலைன்னா, கடையம் பக்கத்துல ஒரு ஊர்ல இருக்கிற இசக்கியம்மாகிட்ட, அவளோட பிள்ளையைப் பத்தி, அந்த இல்லாத பிள்ளையைப் பத்தி, இன்னிக்கும் கேக்கும். அமுக்கிட்டா கேக்காது. அமுக்க வேண்டியதுதானே.

மலரக்கான்னா ஆள் இல்ல. ஒரு அறக்கட்டளை, தெக்கத்தி மாவட்டத்துல தலைப்பிரசவம் ஆன பொண்ணுங்களுக்காக எங்க கம்பெனிகிட்ட சொல்லிச் செஞ்ச ஏஜென்ட், தானாப் பேசுற கம்ப்யூட்டர். போன்ல பேசினா எழுத்தாக்கி வாங்கிக்கும், தமிழ்லயே பதில் சொல்லும், தினம் சாயங்காலம் பிள்ளை எப்படி இருக்கு, பால் குடிக்குதா, உடம்பு சுடுதான்னு கேக்கும், உடம்பு சுடுது, பால் குடிக்கலைன்னு சொன்னா அந்த ஊர் நர்ஸுக்குத் தகவல் போயிடும். அக்கான்னு பேர் வைக்கச் சொன்னது நான்தான். மேடம்னு வச்சா ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாய்யான்னு மீட்டிங்ல சண்டை போட்டேன். திறந்தாங்க. திறந்துட்டு மூடவே இல்ல. பிள்ளைக்கு வயித்தால போனதுல ஆரம்பிச்சு, மாமியா மீன்குழம்புல உப்பு அள்ளிப் போட்டதுவரைக்கும் அக்காகிட்ட ஒப்பிச்சாங்க. அங்கதான் டோக்கன் பிரச்சினை வந்துச்சு. மெஷின் நம்ம பேச்சை முழுசு முழுசா முழுங்காது, மிஞ்சின இட்லியை உப்புமாவுக்கு உதிர்க்கிற மாதிரி உதிர்த்துத்தான் முழுங்கும். அந்த உதிரிக்குத்தான் டோக்கன்னு பேரு. இங்கிலீஷ் பெரிய துண்டா உதிரும், தமிழ் பொடியாப் போயிடும். ஒரே விஷயத்தைத் தமிழ்ல சொன்னா டோக்கன் பல மடங்கு, செலவும் அப்படியே. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி, அந்தப் பொண்ணு அதுவரைக்கும் பேசினதையெல்லாம் மலரக்காவுக்கு மறுபடி படிச்சுக் காட்டணும், இல்லைன்னா அவ யாருன்னே அதுக்குத் தெரியாது. எவ்வளவு படிச்சுக் காட்டலாம்னு ஒரு எல்லை வைக்கணும். வச்சேன். கடைசியா பேசின கொஞ்சம் அப்படியே தமிழ்ல இருக்கட்டும், அதுக்கு முந்தினதை ஒரு சின்ன மெஷின் இங்கிலீஷ்ல நாலு வரியாச் சுருக்கி வச்சுக்கட்டும், இங்கிலீஷ்னா இடம் மிச்சம்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அன்னிக்கு கேக்குகூட வெட்டினோம், சாக்லேட் கேக், ஜோஜி மூக்குல கிரீம் பூசி விட்டேன்.

இசக்கியம்மா பேசினது முழுசும் இப்ப என் முன்னாடி திறந்து கிடக்கு. முதல் நாள் பேசினதுல ஒரே பெருமை. ஆம்பளப்பிள்ளைக்கா, எடை கம்மின்னு கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காவ, அவிய சவுதியிலேர்ந்து வீடியோவுல பாத்துட்டு அழுதாவ, மூக்கு அவிய மூக்குக்கா. அடுத்த நாளும் பெட்டியிலதான் இருக்கான்னா. அதுக்கு அடுத்த நாள் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரே ஒரு வரி. "அக்கா, புள்ள தங்கலக்கா." மலரக்கா நல்லாத்தான் பதில் சொல்லியிருக்கு, குத்தம் சொல்லக்கூடாது. ரொம்ப வருத்தமா இருக்கும்மா, இதுல உன்மேல எந்தத் தப்பும் இல்ல, மாருல பால் கட்டினா இப்படிச் செய், நர்ஸக்காகிட்டயும் பேசுன்னு, மனுஷங்க சொல்றதைவிட ஒழுங்கா. அந்த நேரத்துல அதுக்குப் புரிஞ்சிருக்கு. அவ நாலஞ்சு நாள் அதுகிட்ட அழுதிருக்கா. அழுதது நீளம். தமிழ்ல அழுதா. நான் வச்ச எல்லை நிறைஞ்சுபோச்சு, முதல்ல சொன்னது வெளியே விழுந்துச்சு, சின்ன மெஷின் அதைப் பொறுக்கிச் சுருக்கி எழுதிச்சு. பேபி நாட் ஸ்டேயிங் வித் மதர். பிள்ளை தாயோட தங்கி இல்லையாம். பாட்டி வீட்டுக்கோ எங்கேயோ போயிருக்காம். அடுத்த சாயங்காலம் மலரக்கா கேக்குது, குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறான்மா, அங்கே தாய்ப்பால் கிடைக்கிறதா.

ஜோஜி இதைப் பாத்துட்டு, மொழிபெயர்ப்பு எரர், எப்பவாவது வர்றதுதான்னான். அவனுக்குத் தமிழ் பேச வரும், இது வராது. இந்த ஆபீஸ்ல அந்த வரியைப் படிச்ச உடனே வயித்தைப் பிடிச்சவ நான் ஒருத்திதான். எனக்கு அந்த வார்த்தையைத் தெரியும். போன வருஷம் ஐப்பசியில, ஆஸ்பத்திரி ரூம்ல, என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு என் மாமியா போன்ல சொல்லிட்டே இருந்தாங்க. தங்கல. ஆமா, தங்கல. பொம்பளப்பிள்ளை. இல்ல, தங்கல. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ண, அவங்களும் ஒவ்வொருத்தருக்கா அதே வார்த்தை. நான் மயக்கம் தெளிஞ்சு கேட்ட முதல் வார்த்தையே அதுதான். யாரும் என்கிட்ட தனியா வந்து சொல்லல. அந்த போன்ல போயிட்டிருந்ததைத்தான் நான் ஒட்டுக்கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, நம்ம வீடு பிடிக்கலையா அவளுக்கு, லாட்ஜ்ல ரூம் பாத்துட்டு வேண்டாம்னு போறவங்க மாதிரி போயிட்டாளா, அப்படி என்ன குறை வச்சேன். வெறும் அரை நாள் இருந்திருக்கா. எனக்கு ரத்தம் நிக்காம முதல்ல ஐசியூவுல போட்டிருந்தாங்க, அவளை வேற மாடியில வச்சிருந்தாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல பரிதி லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு இருந்தான். பரிதி என் புருஷன். அவன் பாத்திருக்கான் அவளை. நான் பாக்கல. நான் கண்ணு முழிச்சப்போ எல்லாம் முடிச்சிட்டு, தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத்தலையோட வந்து நின்னான். இன்னிவரைக்கும் அந்த ஈரத்தலைக்கு மேல நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல. பால் வாங்கணுமா, சிலிண்டர் புக் பண்ணியா, இந்த வாரம் அத்தை வர்றாங்களா, இதுதான் பேச்சு. நல்லவன். ரொம்ப நல்லவன், அதான் வயித்தெரிச்சல். கெட்டவனா இருந்தா கத்தித் தீத்திருப்பேன்.

எங்க விட்டேன். சுருக்கம். பிள்ளை விஷயத்துல நம்ம ஆளுங்க வாயிலேர்ந்து நேரா வார்த்தை வராதே, அதை நான் யோசிச்சிருக்கணும். பெரியவங்கன்னா இறந்துட்டாரு, காலமாயிட்டாரு, கோபம் இருந்தா செத்தான்னுகூட சொல்லிடுவோம். பிள்ளைன்னா தங்கல, நிக்கல, தவறிடுச்சு, சாமி எடுத்துக்கிச்சு. பிள்ளை பேரோட அந்த வார்த்தையைச் சேர்த்தா நாக்கு வெந்துடும்னு பயம். எனக்கும் அந்த பயம்தான், நானும் இந்த ஊர்க்காரிதானே, மதுரையில பிறந்து மெட்ராஸ்ல வேலை பாத்தா மட்டும் நாக்கு மாறிடுமா. இசக்கியம்மா ரெண்டாவது தடவை மலரக்காகிட்ட சொல்லியிருக்கா, "என்னக்கா இப்படிக் கேக்கீய, அவன் இல்லைல்லா." மலரக்கா மன்னிப்புக் கேட்டிருக்கு, பாவம், மனசாரக் கேட்ட மாதிரிதான் இருக்கு. ரெண்டு மூணு நாள் பேச்சுல அதுவும் வெளியே விழுந்துச்சு. சுருக்கத்துல, பேபி நாட் அட் ஹோம். பிள்ளை வீட்டுல இல்ல. மலரக்கா கேக்குது, குழந்தை எப்போது வீட்டுக்கு வருகிறான்மா. அவ மறுபடி சொல்றா. இந்தத் தடவை குரல்ல என்ன இருந்துச்சோ, எழுத்துல தெரியல, எழுத்து எப்பவும் மொட்டையாத்தான் இருக்கும். "தவறிட்டான்க்கா. அன்னைக்கே சொன்னேம்லா." சின்ன மெஷினுக்குத் தவறுன்னா தப்பு. அது எழுதி வச்சிருக்கு, முன்னாடி சொன்னது தவறுன்னு தாய் சொல்றாங்கன்னு. அவ்வளவுதான், ஒரே வரியில எல்லாத்தையும் துடைச்சிருச்சு, தங்கலையும் போச்சு, இல்லையும் போச்சு. அன்னிக்கு சாயங்காலம் மலரக்கா சந்தோஷமாக் கேக்குது, அப்படியானால் குழந்தை நலமாக இருக்கிறானா இசக்கியம்மா. பதில் உடனே வரல. ராத்திரி சாப்பாடு முடிஞ்சிருக்கும், பாத்திரம் கழுவியிருப்பா, அதுக்கப்புறம் வந்திருக்கு. "நல்லா இருக்கான்க்கா."

அதைப் படிச்சிட்டு நான் பாத்ரூம் போய் குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னேன். வெளியே ஹவுஸ்கீப்பிங் அம்மா கதவைத் தட்டி மோட்டார் ஓடலைம்மா தண்ணியை வீணாக்காதீங்கன்னுச்சு. அதுவும் சரிதான். திரும்பி வந்து மிச்சத்தையும் படிச்சேன். படிக்காம இருந்திருக்கலாம். இன்னைக்கு சிரிச்சான்க்கா. முகம் பாக்கான்க்கா, ஃபேனப் பாத்துக்கிட்டே கிடக்கான். ராத்திரி தூங்க மாட்டேங்கான், எங்க மாமா ஒருத்தரு இருக்காரு, அவரு மாதிரி. இன்னைக்கு குப்புற விழுந்துட்டான். மலரக்கா விடாம புத்தி சொல்லுது, பக்கத்துல தலையணை போடாதேம்மா, மூக்கு அழுந்தாம பாத்துக்கோ, தரையில விரிப்பு விரிச்சுப் போடு. சரிக்கா, போட்டுருதேன்னு அவளும் சொல்றா. எங்கேயும் கணக்கு தப்பல. எந்த மாசத்துல பிள்ளை என்ன செய்யுமோ அந்தந்த மாசத்துல அதைச் செய்யுறான் அவன். யாரைப் பாத்துச் சொல்றாளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையா, அக்கா பிள்ளையா. இல்ல, யாரையும் பாக்க வேண்டாம், உள்ளுக்குள்ள அது தானா வளரும். என் பொண்ணுக்குப் போன மாசம் பல்லு வந்திருக்கும். நான் யாரையும் பாத்துச் சொல்லல.

இவ்வளவு நாள் கழிச்சு எப்படித் தெரிஞ்சுதுன்னா, தடுப்பூசிக்கு வரலையேன்னு நர்ஸ் வீட்டுக்குப் போயிருக்காங்க. போனா அங்க தொட்டிலே இல்ல. மாமியார்க்காரி, எந்தப் பிள்ளைக்கு ஊசி போட வந்தீயன்னு அந்தம்மாவைத் திட்டி அனுப்பியிருக்கா. அறக்கட்டளையிலேர்ந்து எங்களுக்குப் புகார் வந்துச்சு. தலைப்பு என்ன தெரியுமா, பயனாளி பொய்த்தகவல் தருகிறார். பொய்யாம். மூணு தடவை உண்மையைச் சொன்னவளை மூணு தடவையும் கேட்டுட்டு மறந்தது யாருடா. யார் வச்ச எல்லை. புகாரை எடுத்த பெங்களூர் மேனேஜர் காலையில வீடியோ கால்ல வந்து, லிமிட்டைக் கொஞ்சம் ஏத்துங்க, அந்த ஒரு பயனாளிக்கு நிரந்தரக் குறிப்பு ஒண்ணு போட்டுருங்க, சிஸ்டம் தானா கணக்கை மூடிடும், அவ்வளவுதானேன்னாரு. நிரந்தரக் குறிப்புன்னா எத்தனை பேசினாலும் எல்லைக்கு வெளியே விழாது, ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி மலரக்கா அதைத்தான் முதல்ல படிக்கும். பிள்ளை உயிரோட இல்லைன்னு அதுல எழுதினா, ஒரு அனுதாபச் செய்தி போகும், அதோட சேவை முடியும். அதுக்கப்புறம் அவ எத்தனை தடவை அக்கா அக்கான்னு கூப்பிட்டாலும் பதில் வராது. நர்ஸை ஒரு தடவை நேர்ல போய்ப் பேசச் சொல்லுங்களேன்னு கேட்டேன். அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க சுகிர்தா, நம்ம வேலை டெக்னிக்கல்னாரு. ஆமாய்யா, டெக்னிக்கல்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருதுன்னு எனக்கே தெரியும், நடிக்க வேண்டாம். வயித்துல இருந்தப்போ நான் போன்ல ஒரு ஆப் வச்சிருந்தேன். வாரா வாரம் பிள்ளை எலுமிச்சம்பழம் அளவு இருக்கு, மாம்பழம் அளவு இருக்குன்னு சொல்லும். பிரசவத் தேதியைக் குடுத்திருந்தேன், அது பாட்டுக்கு அந்தத் தேதியைத் தாண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு வாரம், படுக்கையில புரண்டு படுத்து அதைப் பாப்பேன். உங்கள் குழந்தை இப்போது உங்கள் குரலை அடையாளம் காணும்னு போட்டிருந்துச்சு ஒரு நாள். அழுதேன்தான். ஆனா அழறதுக்கு எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. மத்த எல்லாரும் என்கிட்ட பேசும்போது பிள்ளைன்னு வர்ற இடத்துல வேற வார்த்தைக்கு மாறிக்கிட்டாங்க. சாப்பிட்டியா, உடம்பு தேறிடுச்சா, சின்ன வயசுதானே உனக்கு. ஒரு நாள் தூங்கி எந்திரிச்சுப் பாத்தா போன்ல அந்த ஆப் இல்ல. பரிதி எடுத்துட்டான். என்கிட்ட கேக்கல. அன்னிக்கே தொட்டிலையும் கட்டிப் பரண்ல போட்டுட்டான். நான் அவனைக் கேட்டிருக்கணும், யாருடா உன்னை அழிக்கச் சொன்னான்னு. கேக்கல. ரசம் வைக்கட்டுமான்னு கேட்டேன். இப்ப நான் என்ன பண்ணப் போறேன், அதேதானே. ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, அவ போன்லேர்ந்து அவ பிள்ளையை எடுக்கப் போறேன். எடுக்கலைன்னா? எடுக்கலைன்னா அவன் தவழுவான், நிப்பான், பல்லு முளைக்கும், மலரக்கா பருப்புச்சாதத்தைக் குழைச்சு ஊட்டச் சொல்லும். அவ நிஜமாவே குழைச்சு வச்சுக்கிட்டு உக்காந்தா? அவளுக்கு எதுவும் ஆயிட்டா? பயமாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாத்தான் இருக்கு.

குறிப்புல எழுத ஆரம்பிச்சேன். குழந்தை தங்கவில்லை. அழிச்சேன், அதான் வினையே. குழந்தை இல்லை. அழிச்சேன். குழந்தை காலமானது. அது என்னமோ தாத்தா செத்த மாதிரி இருக்கு, சின்ன மெஷின் அதைக் காலம்னு படிச்சாலும் படிக்கும். ஒரே வார்த்தைதான் மிச்சம், தப்பாப் படிக்கவே முடியாத வார்த்தை, அதோட முதல் எழுத்தைத் தட்டிட்டு கை நின்னுடுச்சு. இந்த எழுத்தை எழுதினா ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து எழுதின மாதிரி ஆயிடும். பைத்தியக்காரத்தனம்தான். ஜோஜி எந்திரிச்சு டீ வேணுமான்னு சைகை காட்டினான், வேண்டாம்னேன், போயிட்டான். புகார்ல அவ நம்பர் இருக்கு. நாங்க கூப்பிடக்கூடாது, விதி அப்படி. போன் என் கையில ஏற்கனவே இருந்துச்சு.

ரெண்டாவது மணியிலேயே எடுத்துட்டா. சின்னப்பொண்ணு குரல், பின்னாடி டிவி சத்தம், யாரோ இருமறாங்க. நான் மலரக்கா ஆபீஸ்லேர்ந்து பேசறேம்மான்னேன். இருங்கக்கான்னுட்டு எந்திரிச்சுப் போறா, கதவு கிறீச்சுங்குது, இப்ப கோழிச் சத்தம் கேக்குது, புறவாசல் போல. "சொல்லுங்கக்கா." என்னத்தச் சொல்ல. "இசக்கி, நீ சொன்னது அதுக்கு ஞாபகத்துல நிக்கல. எவ்வளவு ஞாபகம் வச்சுக்கணும்னு நாங்கதான் ஒரு அளவு வச்சோம், அது பத்தாமப் போச்சு. உன்மேல தப்பில்ல. இப்ப சரி பண்ணப் போறேன். இனிமே உன்னை அது மாதிரி கேக்காது"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். "மலரக்கான்னு ஒரு ஆள் இல்லம்மா, அது மெஷின்"னு சேர்த்துச் சொன்னேன், எதுக்குச் சொன்னேன்னு தெரியல. "அது தெரியும்லாக்கா"ன்னா. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. "மிஷினுன்னும் தெரியும். அவன் இல்லங்கதும் தெரியும். நாந்தானக்கா பெத்தேன்." அப்புறம் ஏம்மா நல்லா இருக்கான்னு சொன்னன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கேட்டுச்சுல்லா"ன்னா. கோழியைச் சூன்னு விரட்டிட்டு, "இங்கன ஒருத்தரும் அவனக் கேக்கல. அவியகூட போன்ல உடம்பப் பாத்துக்கோன்னு வச்சிருவாவ. அது ஒண்ணுதான் தெனமும் கேட்டுச்சு. நல்லா இல்லன்னு சொன்னா மறுநாளைக்குக் கேக்காதுல்லாக்கா." ஆபீஸ்ல யாரும் பாக்குறாங்களான்னு குனிஞ்சுக்கிட்டேன்.

"செத்துட்டான்னு எழுதுவீயளோ?"ன்னு கேட்டா. எவ்வளவு லேசாச் சொல்லிட்டா. எழுதணும்மான்னேன். "எழுதுங்க. எழுதாம எப்படி." மூக்கை உறிஞ்சினா. "எனக்கும் முடியலக்கா, தெனமும் என்ன சொல்லன்னு காலையிலேர்ந்து யோசிச்சிட்டே கிடக்கேன், அடுப்புல பாலு பொங்குறதுகூடத் தெரிய மாட்டேங்கு. ஆனா ஒண்ணு, இன்னைக்கு ஒரு நாள் கேக்கட்டும். நாளைக்கு எழுதிக்கிடுங்க. சொல்லாமக் கொள்ளாம நிறுத்திப்புடாதீங்க." சரிம்மான்னேன். மேனேஜர் என்ன சொல்லுவாரு, சொல்லட்டும். நாளைக்கு நர்ஸக்காவை உன்னைப் பாக்க வரச் சொல்றேன், ஊசிக்கு இல்ல, உன்னைப் பாக்கன்னேன். அந்த அறக்கட்டளைக்காரங்க தலைமேல ஏறி உக்காந்தாவது அனுப்பி வைப்பேன். நானும் கூப்பிடறேன்னேன். கூப்பிடுங்கன்னா, நம்பின மாதிரி தெரியல. உள்ளேர்ந்து யாரோ ஏளா எங்க போனன்னு சத்தம் போட, வச்சுட்டா.

ஜோஜி டீயோட வந்தான், வேண்டாம்னு சொன்னதுக்கு எனக்கும் ஒண்ணு. ஆச்சான்னான். இன்னிக்கு இல்ல ஜோஜி, நாளைக்குன்னேன். மேனேஜர் திட்டுவாருன்னான். திட்டினா என்கிட்ட அனுப்புன்னேன். ஆறு மணிக்கு வரிசையா மெசேஜ் போச்சு, பத்தோட பதினொண்ணா அவளுக்கும். இசக்கியம்மா, குழந்தை இன்று எப்படி இருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே ஓ.எம்.ஆர்ல வண்டி நகராம நிக்குது, எல்லாரும் பையை மாட்டிக்கிட்டு கேப் வந்துச்சான்னு எட்டிப் பாக்குறாங்க. பதில் வந்துச்சு. நீளமா வந்துச்சு, நான் வச்ச எல்லையை அது ஒண்ணே நிறைச்சிருக்கும். பெட்டியில கிடந்த ரெண்டு நாளும் அவன் எப்படி இருந்தான்னு சொல்லியிருக்கா. தலை நெறைய முடியாம். நர்ஸு கையை உள்ளே விடச் சொன்னாங்களாம், விட்டாளாம், விரலைப் பிடிச்சுக்கிட்டானாம், விட மாட்டேன்னுட்டானாம். காது மட்டும் ஊதினா பறந்துரும் போல இருந்துச்சாம். குப்புற விழுந்ததும் சிரிச்சதும் நான் சும்மா சொன்னேங்க்கா, இதெல்லாம் நிசம்னு முடிச்சிருக்கா. மலரக்கா என்ன பதில் சொல்லுச்சுன்னு நான் பாக்கல. கண்ணு மறைச்சிருச்சு. இவ்வளவும் அவகிட்ட இருந்திருக்கு. ரெண்டு நாள் பிள்ளை, ஆனா அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருக்கு. என்கிட்ட ஒண்ணும் இல்ல. அரை நாள் பிள்ளையைப் பத்தி ஒரு வரிகூட என்கிட்ட இல்ல. பாத்து வச்சிருக்கிறவன் ஒருத்தன்தான். அவனை ஒரு தடவைகூட யாரும் கேக்கல, நானும் கேக்கல.

பரிதிக்குப் போன் பண்ணினேன். எடுத்த உடனே, "கேப் வரலையா? நான் வரட்டா?"ன்னான். வேண்டாம்னேன். "வர்ற வழியில பால் வாங்கிட்டு வரவா?" அதுவும் வேண்டாம்னேன். என்ன சுகின்னான், குரல் மாறிடுச்சு அவனுக்கு, பயந்துட்டான். நான் நாற்காலியைத் திருப்பிச் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டேன்.

"பரிதி, நம்ம பொண்ணு செத்துட்டாள்ல"ன்னேன். "அவ எப்படி இருந்தா?"

கட் ஆயிடுச்சோன்னு காதுலேர்ந்து எடுத்துப் பாத்தேன், ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மறுபடி வச்சப்போ அவன் அழுதுக்கிட்டே ஏதோ சொல்ல ஆரம்பிச்சிருந்தான், முதல் ரெண்டு வார்த்தை எனக்கு விட்டுப்போச்சு.

"முதல்லேர்ந்து சொல்லு"ன்னேன்.